வெயிலுக்கு முதுகு காட்டிய அறுபத்து மூன்று வீடுகள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரி மாதம். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு பக்கம் கார் கராஜ், மறுபக்கம் கண்ணாடி அறுக்கும் கடை, நடுவில் எங்கள் ஒர்க்‌ஷாப். கட்டடங்களின் குட்டி மாடல் செய்கிற இடம். மால்களில் விரல் உயர மரமும் எறும்பு அளவு காருமாக ஒரு டவரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஃபிளாட் விற்பார்களே, பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் எங்களைப் போன்றவர்களின் கைவேலைதான். அறந்தாங்கியிலிருந்து டிப்ளமோ சான்றிதழோடு வந்த நான் ஆறு வருடமாக அங்கே பசையோடும் பிளேடோடும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன்.

முதலாளி கீழக்கரைக்காரர். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் அவர் காக்காதான். அதுவரை எனக்குக் கிடைத்ததெல்லாம் துண்டு வேலை. ஜன்னல் வெட்டுவேன், பால்கனி ஒட்டுவேன், மரம் நடுவேன். அந்த ஜனவரியில்தான் முதல்முறையாக ஒரு முழு மாடலை என்னிடம் ஒப்படைத்தார். "இது ஒன் பொறுப்பும்மா. நல்லா வந்துச்சுன்னா இனிமே டீம் லீடர் நீதான். சொதப்புனியோ, மறுபடி மரம் நடத்தான் போவணும்" என்றார் சிரித்துக்கொண்டே. சிரித்தாலும் காக்கா சொன்னால் சொன்னதுதான்.

வேலை கொடுத்தவர் ஒரு கொரியப் பெண்மணி. ஐம்பதை நெருங்கும் வயது. நாங்கள் மேடம் என்போம். அவர் எங்களிடம் நிதானமான ஆங்கிலத்தில் பேசுவார். துபாயில் இருக்கிற கொரியக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பள்ளி அரங்கில் கண்காட்சி நடத்தப் போகிறார்கள். அதில் சியோல் நகரத்தில் அவர் பிறந்து வளர்ந்த குடியிருப்பை இரண்டு மாடலாக வைக்க வேண்டும். முதலாவது, அவர் சிறுமியாக இருந்தபோது ஒரு மலைச்சரிவில் இருந்த பழைய வீடுகள். இரண்டாவது, அதே சரிவில் அந்த வீடுகளை இடித்துவிட்டுக் கட்டிய அடுக்குமாடிகள்.

அந்த இடத்தின் கதையை முதல் நாளே சொன்னார். கொரியப் போருக்குப் பிறகு பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்த ஏழைகளுக்குச் சமதளத்தில் இடம் கிடைக்கவில்லை. மலையில் ஏறிவிட்டார்கள். பலகை, தகரம், கிடைத்த செங்கல், இதுதான் வீடு. தண்ணீரைக் கீழேயிருந்து சுமந்து வர வேண்டும். உருளையாக ஓட்டை போட்டு விற்கிற கரிக்கட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்து சுவரோரம் அடுக்கி, அதை எரித்துத்தான் குளிர்காலத்தை ஓட்ட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கட்டு வந்தது, கரண்ட் வந்தது, குழாய் வந்தது. பிறகு நகரம் வளர்ந்து மலையையும் கேட்டது. பன்னிரண்டு மாடிக் கட்டடங்கள் எழும்பின. வசதி இருந்தவர்களுக்கு அதில் ஃபிளாட். இல்லாதவர்கள் சட்டி பானையோடு வேறு மலையைத் தேடிப் போனார்கள்.

கிளம்பும்போது கடைசியாக ஒன்று சொன்னார். "கண்காட்சிக்கு என் அப்பா சியோலிலிருந்து வருகிறார். எண்பது வயது ஆகப்போகிறது. இதற்கு மேல் விமானப் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், இதுதான் கடைசி. அவர் கையால் கட்டிய வீட்டுக்கு எங்களிடம் ஒரு போட்டோகூட இல்லை. அந்த வீட்டை அவர் மறுபடி பார்க்க வேண்டும்."

தெருவையும் அக்கம்பக்கத்து வீடுகளையும் எடுத்த பத்துப் பன்னிரண்டு பழைய போட்டோக்கள் கொடுத்தார். அவருடைய அப்பா ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் நினைவிலிருந்து வரைந்த படமும் இருந்தது. படிக்கட்டு, சந்து, வீடு வீடாகக் கட்டங்கள். எண்ணிப் பார்த்தால் அறுபத்து மூன்று. ஒரு கட்டத்தை மட்டும் சிவப்பு மையில் அழுத்தி வரைந்திருந்தார். அதுதான் அவர் வீடு.

எனக்கு உதவிக்கு ஒரு அண்ணன். சிவகங்கைப் பக்கம். வளைகுடாவுக்கு வந்த புதிதில் சைட்டில் கம்பி கட்டியவர், முழங்கால் தேய்ந்த பிறகு எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு மாறியவர். எண்ணிக்கையைக் கேட்டதும், "அறுபத்து மூவரா? அப்ப நம்ம சாமி காரியம்தான்" என்று கும்பிடு போட்டார். அன்றிலிருந்து எங்களுக்கு அவை வீடுகள் இல்லை, நாயன்மார்கள்.

மூன்று வாரம் ஆசை ஆசையாகச் செய்தோம். போட்டோக்களில் எல்லா வீட்டிலும் கரும்பழுப்பு ஜாடிகள் வரிசையாக நின்றன. சோயா விழுதும் மிளகாய் விழுதும் ஊறப்போடுகிற ஜாடிகளாம். அந்த அளவுக்கு மணி எங்கும் கிடைக்கவில்லை. என் சமையலறையிலிருந்து மிளகு எடுத்து வார்னிஷ் பூசினேன், அச்சு அசல் ஜாடி. சுவரோரக் கரிக்கட்டிகளுக்குக் கடுகு. "இன்னும் கொஞ்சம் தாளிச்சா ரசமே வச்சிரலாம் தங்கச்சி" என்பார் அண்ணன்.

நான் சறுக்கிய இடத்தை இப்போது சொல்கிறேன். வீடு எங்கே இருக்கிறது என்று காலண்டர் படம் சொன்னது. எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று சொல்லவில்லை. அடுக்குமாடிக்குக் கொடுத்த மனைப்படத்திலும் ஆறு நீள்சதுரங்கள்தான். எது முகம், எது முதுகு என்று குறிப்பு இல்லை. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கேட்டால் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று எல்லாவற்றையும் நானே முடிவு செய்வேன்.

வெயில் விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று வேறு நினைப்பு. அறந்தாங்கி வெயிலில் வளர்ந்தவள். ஷார்ஜாவில் எங்கள் ஃபிளாட் மேற்குப் பார்த்தது; நாலு மணிக்குச் சுவரைத் தொட்டால் தோசைக்கல். இங்கே யார் வீடு பார்க்கப் போனாலும் முதல் கேள்வியே வெயில் அடிக்குமா என்பதுதான். ஆகவே மலை வடக்கே உயர்கிறது, தெற்கே சரிகிறது என்று தெரிந்ததும் நான் யோசிக்கவே இல்லை. அறுபத்து மூன்று வீட்டையும் வடக்கே மலையைப் பார்க்கத் திருப்பி, முற்றத்தைப் பின்னால் நிழலில் ஒளித்து, தெற்குப் பக்கம் ஜன்னல் இல்லாத சுவர் வைத்தேன். வீட்டுக்கு வீடு தெற்கே ஒரு அடர்ந்த மரமும் நட்டேன். அடுக்குமாடிகளுக்கும் அதே உபசாரம், பால்கனிகள் எல்லாம் வடக்கே. ஒரு ஊருக்கே நிழல் கொடுத்த பெருமையில் அன்று இரண்டு டீ குடித்தேன்.

கண்காட்சி சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை மேடம் பார்க்க வந்தார். படிக்கட்டைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். மிளகு ஜாடிகளைப் பார்த்துச் சிரித்தார். மேசையைச் சுற்றித் தெற்குப் பக்கம் வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். சிரிப்பைக் காணோம்.

"ஏன் எல்லாரும் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறார்கள்?"

நான் உற்சாகமாக விளக்கினேன். நிழல், குளிர்ச்சி, காற்று. அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எங்கள் குளிர்காலத்தில் வாளித் தண்ணீர் உறைந்துவிடும். சூரியன் தலைக்கு மேல் வராது, தெற்கே தாழ்ந்தே போய்விடும். அந்தக் கொஞ்ச வெயில் வீட்டுக்குள் வருவதற்காகத்தான் எல்லா வீடும் தெற்கே பார்க்கும். ஜாடி, துணி, குழந்தை எல்லாம் முன் முற்றத்து வெயிலில் இருக்கும். அடுக்குமாடி வந்தபோதும் முதல் கேள்வி, எங்கள் ஃபிளாட்டுக்கு வெயில் வருமா என்பதுதான். எங்கள் தெருவில் நடந்த சண்டைகள் பாதி வெயிலுக்காக நடந்தவை. இப்படி வைத்தால் இவர்கள் எல்லாரும் குளிரில் விறைத்துப்போவார்கள்."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கோபமே இல்லை. மேசை ஓரமாக அந்தச் சிவப்புக் கட்டத்து வீட்டின் மொட்டைச் சுவரை ஒரு விரலால் தொட்டார். "அப்பா முதலில் ஜன்னலைத்தான் தேடுவார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு போட்டோக்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஜாடியின் தோளிலும் வெயில் பளபளத்தது. மூன்று வாரம் அதைப் பார்த்துத்தான் மிளகுக்கு வார்னிஷ் பூசியிருக்கிறேன்! எங்கள் வீட்டிலும் ஊறுகாய் ஜாடி வெயிலில்தான் நிற்கும். ஜாடியை வெயிலில் வைக்கத் தெரிந்தவளுக்கு மனிதர்களுக்கும் வெயில் வேண்டியிருக்கும் என்று தோன்றவில்லை. அவமானத்தில் காது மடல் எரிந்தது.

அண்ணனுக்கு அதற்குள் ஒரு யோசனை. "ஏந்தங்கச்சி, எதுக்கு மண்டையப் போட்டு ஒடைக்கிறே? மேசையத் திருப்பிப் போட்டா வடக்கு தெக்காயிருமுல்ல?"

"மலையும் சேர்ந்து திரும்புமேண்ணே!"

"அட ஆமா" என்று தலையைச் சொறிந்தார். அந்த நிலைமையிலும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

காக்கா வந்து மேசையை ஒரு சுற்று சுற்றினார். "பாக்குறதுக்கு நல்லாத்தானே இருக்கு. வர்ற கூட்டத்துல எத்தன பேருக்கு இது தெரியப்போவுது?" என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஒரு நிமிடம் அந்த ஆசை வந்தது. ஆனால் தெரியப்போகிற ஒரு ஆள் அதற்காகவே விமானம் ஏறி வருகிறாரே. "அவருக்குத் தெரியும் காக்கா. திருப்பிடுறோம்" என்றேன்.

"சனிக்கிழமக்குள்ள முடியுமா முடியாதா? ஒரே சொல்லுல சொல்லு."

"முடியும்." சொல்லிவிட்டு நேராகப் பிளேடை எடுத்தேன்.

எங்கள் பசை லேசான பசை இல்லை. பிடித்தால் விடாது. வீட்டைப் பிடுங்கினால் மலையின் தோலும் சேர்ந்து வந்தது. முதல் இரண்டு வீடுகள் கையோடு நொறுங்கிவிட்டன. சூடான கம்பியை அடியில் விட்டுக் கீறி எடுத்தால் வரும் என்று அண்ணன்தான் கண்டுபிடித்தார். பெயர்த்து, திருப்பி, பின்னால் தள்ளி, முன்னால் முற்றம் விட்டு, ஜன்னல் வெட்டி, மிளகு ஜாடிகளை வெயில் பக்கம் கொண்டுவந்து, நான் நட்ட மரங்களைப் பிடுங்கிப் போட்டு... புதன் முழுக்க இதே வேலை. "இன்னும் எத்தன நாயன்மாரு பாக்கி?" என்று அண்ணன் கேட்டுக்கொண்டே இருப்பார். வியாழன் மதியம் அறுபத்து மூன்றும் திரும்பிவிட்டன. அடுக்குமாடிகள் ஸ்குரூவில் நின்றதால் ஆறையும் ஒரே மணி நேரத்தில் கழற்றித் திருப்பி முடுக்கினோம்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. இத்தனை பேரும் வெயிலுக்காகக் காத்திருக்கிறார்கள், வெயிலைக் காணோமே? தெருக்கோடி ஏசி ரிப்பேர் கடையில் பைப்பை வில்லாக வளைத்து வாங்கினேன். அதைத் தெற்கே தாழ்வாக நிறுத்தி, ஒரு சின்ன விளக்கை அதில் மாட்டி, கையால் கிழக்கிலிருந்து மேற்கே தள்ளுகிற மாதிரி செய்தோம். அதுதான் எங்கள் குளிர்காலச் சூரியன், மாடலுக்கு ஒன்று. ஒர்க்‌ஷாப்பின் டியூப்லைட்டை அணைத்துவிட்டு அண்ணன் சூரியனை மெல்லத் தள்ளினார். ஒவ்வொரு முற்றமாக வெளிச்சம் ஏறியது. மிளகுகள் மின்னின. போட்டோவில் பார்த்த அதே தெரு! நான் கைதட்டிவிட்டேன்.

ஒரு வீடு மட்டும் இருட்டில் நின்றது. சிவப்புக் கட்டத்து வீடு.

அதற்குத் தெற்கே, ஒரு படி கீழே, ஒரு மாடி வீடு. அதன் நிழல் நேராக மேடத்தின் அப்பா வீட்டு முற்றத்தில் விழுந்தது. "கீழ் வீட்ட ஒரு இஞ்சு தள்ளிட்டாப் போச்சு" என்றார் அண்ணன். என் கை பிளேடை எடுத்தேவிட்டது. அந்தப் பெரியவர் தேடப்போகிற ஜன்னலே இருட்டில் இருந்தால் எப்படி? ஆனால் காலண்டர் படத்தில் அந்த இரண்டு வீடும் ஒட்டித்தான் இருந்தன. போட்டோவில் கீழ் வீட்டுக்கு மாடி தெளிவாகத் தெரிந்தது. பிளேடைக் கீழே வைத்துவிட்டு மேடத்துக்குப் போன் செய்தேன். நிழல் விழுகிறது, என்ன செய்ய என்று கேட்டேன். "எதையும் தொடாதீர்கள்" என்றார். அவர் குரலில் என்ன இருந்தது என்று எனக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை. அரங்கில் நல்ல கூட்டம். காக்கா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், அண்ணன் புதுச் செருப்பில், நான் மேசைக்குப் பின்னால். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு பெரியவர் வந்தார். சிறிய உருவம், வெயிலில் காய்ந்து தடித்த பெரிய கைகள். விறைப்பான முகம்.

படிக்கட்டிலிருந்து ஆரம்பித்தார். விரலை மாடலில் படாமல் காற்றில் நகர்த்தி, படி ஏறினார், சந்தில் திரும்பினார், ஒவ்வொரு வீட்டின் முன்னும் நின்று ஏதோ முணுமுணுத்தார். அங்கே குடியிருந்தவர்களின் பெயர்கள் என்று மேடம் காதோடு சொன்னார். அண்ணன் விளக்கின் பிடியைக் காட்டினார். பெரியவர் புரிந்துகொண்டு சூரியனைத் தானே தள்ளினார். வெளிச்சம் தெரு முழுக்க ஏறியது. அவர் வீட்டு முற்றத்துக்கு வந்ததும், நிழல்.

பெரியவர் குனிந்தார். கீழ் வீட்டு மாடியை உற்றுப் பார்த்தார். சட்டென்று அந்த மாடியை நோக்கி விரலை ஆட்டி உரத்த குரலில் திட்ட ஆரம்பித்தார். திட்டிக்கொண்டே சிரித்தார். அரங்கமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேடமும் அழுதுகொண்டே மொழிபெயர்த்தார். "'பாவிப்பயல், இன்னும் என் வெயிலை மறைத்துக்கொண்டுதான் நிற்கிறான்' என்கிறார். அந்த மாடியைக் கட்டியதற்காக அப்பாவும் கீழ் வீட்டுக்காரரும் ஒரு வருடம் பேசவில்லை. அப்பா வெளிநாட்டுக்குக் கிளம்பிய அன்று, அவர்தான் அப்பாவின் பெட்டியை முதுகில் வைத்து அத்தனை படியும் இறக்கிக் கொடுத்தார். இடித்த பிறகு அவர் எங்கே போனார் என்றே தெரியவில்லை."

பெரியவர் அந்த மாடியின் கூரையை மட்டும் விரல் நுனியால் லேசாகத் தடவினார். அந்த வீட்டை ஒரு இஞ்சு நான் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

பிறகு இரண்டாவது மாடல். பன்னிரண்டு மாடிகள். பக்கச் சுவர்களில் பெரிது பெரிதாகக் கட்டட எண்கள். மூன்றாவது கட்டடம், ஏழாவது மாடி என்று தானே எண்ணிக் கண்டுபிடித்தார். அங்கேயும் சூரியனைத் தள்ளினார். விளக்கு வெளிச்சம் பால்கனி வழியாக ஏழாவது மாடிக்குள் புகுந்தது. எந்த நிழலும் குறுக்கே இல்லை. நெடுநேரம் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, ஒரே ஒரு வாக்கியம் சொன்னார், மேடம் மொழிபெயர்த்தார்.

"இந்த ஊர்ப்பக்கத்து வெயிலில் நின்றுதான் அந்த வெயிலை வாங்கினேன்."

எங்களுக்கு முதலில் புரியவில்லை. மேடம் விளக்கினார். அவர் கிளம்பிப் போன வெளிநாடு எது என்று நாங்கள் கேட்கவே இல்லை. சவூதி! கடலோரத்தில் துறைமுக வேலை, மூன்று வருடம், ஒரு ரூமில் பத்துப் பேர் தங்குகிற கேம்ப். அனுப்பிய பணம்தான் அந்த ஏழாவது மாடி. அந்தக் கட்டடங்களில் அப்படி வந்த ஃபிளாட்டுகள் நிறைய என்றார். வளைகுடாவில் வேர்த்த வேர்வையில் கொரியாவில் எழும்பிய சுவர்கள்!

"சவூதியில அவருக்கு என்ன வேலையாம்?" என்று அண்ணன் கேட்டதை நான் ஆங்கிலத்தில் சொல்ல, மேடம் அப்பாவிடம் கேட்டார். பதிலுக்குப் பெரியவர் வலது கையைத் தூக்கி மணிக்கட்டை இரண்டு முறை சுழற்றிக் காட்டினார். கொக்கியால் கம்பியை முறுக்கிக் கட்டுகிற சுழற்று. அண்ணனின் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே. அவரும் கையைத் தூக்கி அதே போல இரண்டு சுழற்று சுழற்றினார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத இரண்டு பேரும் எதிரெதிரே நின்று காற்றில் கம்பி கட்டினார்கள். பிறகு பெரியவர் அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சுற்றி நின்ற கொரியர்கள் கைதட்ட, எங்கிருந்தோ இன்னும் நான்கைந்து வயதானவர்கள் முன்னால் வந்து அண்ணனிடம் தங்கள் கைகளைக் காட்டினார்கள். காக்கா, "மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே மூக்கைத் துடைத்தார்.

திரும்பி வரும்போது வேனில் காக்கா, "நாளையிலேர்ந்து நீதாம்மா டீம் லீடர்" என்றார். அண்ணன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி, "எங்கூட்டுக்கு மேல் மாடி போட்டுக்கிட்டு இருக்கேன்ல தங்கச்சி. எந்தப் பக்கம் ஜன்னல் வைக்கணும்னு வீட்டுல ஒரு வார்த்த கேக்கணும்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் அன்று ரூமுக்குப் போனதும் அவர் உண்மையிலேயே மனைவிக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார்.

இப்போது எந்த மாடல் மேசைக்கு வந்தாலும், பிளேடைத் தொடுவதற்கு முன்னால் அந்த வீட்டுக்காரர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி உங்களுக்கு வெயில் வேண்டுமா வேண்டாமா என்பதுதான். கேட்பதில் இப்போதெல்லாம் எனக்கு வெட்கமே வருவதில்லை, ஷார்ஜா வெயிலில் நடக்கும்போதும் முன்பு போல அதைத் திட்டத் தோன்றுவதில்லை, இதில் நின்றுதானே இங்கிருக்கிற ஒவ்வொருவரும் எங்கோ ஒரு ஜன்னலை வாங்கிக்கொண்டிருக்கிறோம்.